சதுர்த்தி நிலாவும் மீன் வறுவலும்

அன்புள்ள அம்மாவுக்கு,

மதுவந்தியின் நமஸ்காரம். முழங்கால் வலி தேவலையா? திருநகரில் கொழுக்கட்டையெல்லாம் தீர்ந்துவிட்டதா?

"பிள்ளையார் சதுர்த்தியன்னிக்கு நிலாவைப் பாக்கப்படாதுடீ, வீண்பழி வரும்" என்று போனில் படித்துப் படித்துச் சொன்னாய். பார்த்துவிட்டேன். மறுநாளே ஆபீஸ் ஃப்ரிட்ஜில் இருந்த யாருடைய மீன் வறுவலோ காணோம். அங்கே தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவள் நான் ஒருத்திதானே, நான்தான் தின்றேனாம். முட்டைகூடத் தொடாத நான்! சாயங்காலம் அந்த டப்பா அதன் சொந்தக்காரரின் காரிலேயே கிடைத்தது. அப்பாவிடம் சொல்லாதே. கங்கா ஜலச் சொம்போடு மெல்போர்னுக்கே புறப்பட்டு வந்துவிடுவார்.

பருப்புப் பொடி கொஞ்சம் அனுப்பு. பஸ் வருகிறது. ஏன் நிமிர்ந்து பார்த்தாய் என்று மட்டும் திட்டாதே. இந்த ஊரில் எனக்குத் தெரிந்த முகம் அது ஒன்றுதான்.

உன் மது