பீலிக்கரை மருதமரமும் நானும்

என் பிரிய அம்மா,

"எத்தனை பிள்ளைங்க?" என்று யார் கேட்டாலும் "மூணு" என்பீர்கள். நீங்கள் பெற்றதென்னவோ என்னையும் தம்பியையும்தான். கேட்டவர் விழித்தால், வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் கொட்டும் பீலியையும் அதற்கு மேலே மேட்டில் நிற்கும் மருதமரத்தையும் காட்டுவீர்கள். "அவதான் மூத்தவ."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரித்ததில்லை. அவளடியில் முனி குடியிருக்கிறார் என்று வெள்ளி தவறாமல் சூடம் கொளுத்தினீர்கள். ஓர் இலை கிள்ளினாலும், "கேட்டு எடு, அவளுக்கு வலிக்கும்" என்பீர்கள். என் தலையைச் சிக்கெடுக்கும்போது எனக்கு வலிக்குமா என்று கேட்டீர்களா அம்மா?

இப்போது தம்பி வேன் வாங்கியிருக்கிறான். அதை வீடுவரை கொண்டுவர மரம் இடைஞ்சலாம். "நீ சரின்னு சொன்னா வெட்டிடலாம்க்கா" என்று போனில் கேட்டான். கண்டியிலிருந்து மறுநாளே பஸ் ஏறி நாவலப்பிட்டிக்கு வந்துவிட்டேன். உள்ளுக்குள் சந்தோஷம்தான். உங்களிடம் ஏன் மறைக்க?

மரம் வெட்ட வந்த சிங்களவர் கோடரியைக் கீழே வைத்துவிட்டார். "நோனா, மரத்துல இருக்கிற தெய்வத்துக்கு வீட்டாள் சொல்லணும், வேற மரத்துக்குப் போகச் சொல்லி. இல்லாட்டி நான் கை வைக்கமாட்டேன்." உங்கள் முனியும் அவருடைய தெய்வமும் ஒரே மரத்தில் எப்படிக் குடித்தனம் நடத்துகிறார்களோ!

மரத்தடிக்கு நான்தான் போனேன். "போயிடு" என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வந்தது வேறு. "ஆஸ்பத்திரியில அம்மா கடைசியா என்னையா விசாரிச்சாங்க? உனக்குச் சூடம் காட்டினாங்களான்னுதானே கேட்டாங்க!"

குடத்தோடு வந்த தம்பி மனைவி சிரித்துவிட்டாள். "என்ன அண்ணி, மரத்தோட சண்டையா? நல்லாப் போடுங்க. ஆனா வெட்டிடாதீங்க. மேல்வீட்டுக்காரங்க மரத்தை வெட்டினாங்க, அவங்க பீலி வத்திப்போச்சு. இப்ப நம்ம பீலிக்குத்தான் வர்றாங்க."

பீலியில் கை வைத்தேன். தண்ணீர் சில்லென்றிருந்தது. இவள் வேரைத் தொட்டு வந்த தண்ணீரில்தான் என்னையும் குளிப்பாட்டி வளர்த்திருக்கிறீர்கள். அது புரிந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. உங்களுக்கு இவள்மேலும் என்மேலும் ஒரே அளவு பாசம் இருந்ததா? இனி யாரிடம் கேட்பேன்?

"வேன் ரோட்டோரமே நிக்கட்டும்டா" என்றேன்.

"அப்போ அவ ஜெயிச்சுட்டா" என்றான் தம்பி.

ஜெயிக்கட்டும் அம்மா. நான் இருக்கும்வரை அவள்மேல் கோடரி விழாது. கேட்காமல் யாரும் கிளை ஒடிக்க விடமாட்டேன். முடிகிற வெள்ளியெல்லாம் வந்து சூடம் கொளுத்துவேன். அவளை அக்கா என்று கூப்பிட மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள்.

பொறாமை தீராத,
உங்கள் மகள்