தெர்மாமீட்டர் தொங்கிய சுவர்

என் வாயாடி அண்ணனுக்கு,

ஆனி பாதி கழிந்தும் சாரலைக் காணோம். குற்றாலத்துக்கு வந்த கூட்டம் ஐந்தருவிப் பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறது. நீ இருந்திருந்தால், "ஏட்டி, இதுக்கும் என் லாரிப் புகைதான் காரணமா?" என்று சண்டைக்கு வந்திருப்பாய். ஒரு வாரமாக அந்தக் கேள்வி என்னை ஓரிடத்தில் உட்கார விடவில்லை.

உலகம் சூடாவது மனிதர்களால்தான் என்பேன் நான். தென்காசிப் பள்ளியில் பூகோளம் நடத்துகிறவள் வேறென்ன சொல்வேன்? "வெயிலும் மழையும் மாறி மாறித்தான் வரும். இதுல மனுசன் என்னத்தக் கிழிச்சுட்டான்?" என்பாய் நீ. என்னைத் தோற்கடிக்கவே தெர்மாமீட்டர் வாங்கி, செங்கோட்டை வீட்டுச் சுவரில் மாட்டினாய். தினமும் மதியம் மூன்று மணிக்குக் காலண்டர் கட்டத்தில் குறித்தாய். நீ லாரி ஓட்டம் போன நாட்களில் மதினி குறித்தாள்.

நான்கு வருஷக் காலண்டர்களை உன் முன்னால் விரித்து, "பாரு, உன் கையெழுத்தே சொல்லுது, சூடு ஏறியிருக்கு" என்றேன். ரொம்ப நேரம் பார்த்தாய். "அப்போ நானும்தான் காரணமா, ஏட்டி?" என்றாய்.

"பின்ன? இத்தன வருசமா லாரி ஓட்டுதல்லா?" என்றேன். ஜெயித்த திமிர்.

போன வாரம் உன் முதல் வருஷத் திதிக்காக வீட்டுக்கு வெள்ளையடித்தோம். மதினி சொன்னாள்: "தெர்மாமீட்டர் முதல்ல கெழக்குச் செவுத்துலல்லா கெடந்துது. ரெண்டு வருசம் கழிச்சுப் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது நீதான கழட்டி மேக்க மாட்டுன? நான் கேட்டதுக்கு உங்க அண்ணன், 'டீச்சர் மாட்டுனா சரியாத்தான் இருக்கும்'னுட்டாவ."

நான்தான் மாட்டினேன். திரும்ப எடுத்து வைக்க மறந்தவளும் நான்தான். மூன்று மணி வெயில் நேராக விழும் சுவர் அது. ஏறியது ஊரின் சூடா, சுவரின் சூடா அண்ணே?

உடனே குதிக்காதே. இதனால் நீ சொன்னது சரியாகிவிடாது. உலகம் முழுக்கக் கடலிலும் வானத்திலும் அளந்துதான் சொல்கிறார்கள், நம் வீட்டு ஆணியை நம்பி இல்லை. ஆனால் உன்னை நான் மடக்கிய ஆதாரம் தப்பு.

திதிக்கு வந்த உன் டிரைவர் கூட்டாளி சொன்னதுதான் தாங்கவில்லை. "கடைசி வருசம் புளியறை செக்போஸ்ட் வரிசையில நிக்கும்போதெல்லாம் அண்ணாச்சி இன்ஜின அமத்திருவாரு. கேபினுக்குள்ள வேர்த்து ஊத்தும். கேட்டா, 'தங்கச்சி காட்டிட்டா, நம்ம புகைய நாமதான கொறைக்கணும்'பாரு."

ஏன் என்னிடம் சொல்லவில்லை? சொன்னால் நான் இன்னும் துள்ளுவேன் என்றா? விடுமுறை மதியங்களில் நீ அங்கே வேர்த்துக்கொண்டிருந்தபோது, நான் தென்காசி வீட்டில் ஏசி போட்டுப் படுத்திருந்தேன். உன் லாரியைச் சொன்ன வாய் என் ஏசியைச் சொல்லவே இல்லை.

தெர்மாமீட்டரைக் கிழக்குச் சுவரிலேயே மாட்டிவிட்டேன். இன்று ஞாயிறு, மூன்று மணிக்கு நானே குறித்தேன். வருஷா வருஷம் உன் காலண்டர்களை வகுப்பில் பெருமையாகக் காட்டுவேன் அல்லவா? நாளையும் காட்டுவேன். ஆணியை மாற்றியது யார் என்றும், டீச்சரை நம்பி வெயிலில் இன்ஜினை அமர்த்தியது யார் என்றும் சொல்லாமல் வகுப்பை விட்டு வெளியே வர மாட்டேன்.

உன்னைத் தப்பாக ஜெயித்த
உன் தங்கச்சி,
செல்வி