டிரம்மிலிருந்து அரை லிட்டர்

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே புழுதிக்காற்று. ஸ்டீரிங் இன்றும் கல். மாட்டுத்தாவணியில் வளைக்கும்போது வலது தோளில் சுரீர். பின்னால் ஷேர் ஆட்டோக்காரன்: "யக்கா, கார் ஓட்டுறியா, ஆட்டுக்கல்லு ஆட்டுறியா?" சரியாகத்தான் கேட்டான்.

பவர் ஸ்டீரிங் ஆயில் குறைந்திருக்கிறது என்று போன வாரம் வீட்டுக்காரர் ஜெ. ஊற்றினார். கடையில் வாங்கியதில்லை. கப்பலூரில் அவருடைய பட்டறை டிரம்மிலிருந்து, பிரஸ் மிஷினுக்கு ஊற்றுகிற ஹைட்ராலிக் ஆயில், தண்ணி பாட்டிலில் அரை லிட்டர். கல்யாணமாகி இருபது வருஷம். கேட் கீல், தையல் மிஷின், சீலிங் ஃபேன், எல்லாவற்றுக்கும் அந்த டிரம்தான்.

சாப்பிடும்போது, அந்த ஆயில் ஸ்டீரிங்குக்குச் சேரவில்லை என்று ஜெ.யிடம் சொன்னேன். "ஹைட்ராலிக்னா ஹைட்ராலிக்தான் கிரேஸ். நாப்பது டன் பிரஸ்ஸையே அமுக்குது, ஒன் ஸ்டீரிங்கத் திருப்பாதா? கையில தெம்பு இல்லைன்னு சொல்லு."

ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்கே அடிப்படையான பாஸ்கல் விதியை ஸ்கூலில் நடத்துகிறவளிடம் இந்தப் பேச்சு.

ஜூலை 8, செவ்வாய்

கார் மேனுவல் கிடைத்தது. பீரோவில், ஞானஸ்நான சர்ட்டிபிகேட்டுகளுக்கு அடியில். பவர் ஸ்டீரிங்குக்கு ஏ.டி.எஃப். என்கிற ஆயில் மட்டும், சிவப்பு நிறம். வேறு எதுவும் கலக்கக் கூடாது.

ஜெ.யிடம் நீட்டினேன். வாங்கவே இல்லை. "கம்பெனிக்காரன் அவன் ஆயில விக்க எழுதுவான்." அப்புறம் மனசில் இருந்தது வெளியே வந்தது: "ஒனக்கு முடியலைன்னா பஸ்ல போ. அடுத்த வாரம் டேனியல் வந்து கார எடுத்துக்கிறட்டும்."

டேனியல் இவருடைய தம்பி. கார் என் பேரில். லோன் கட்டியது என் சம்பளம். இந்தத் தோளோடு பசுமலை ஸ்கூலுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். வலது கையைத் தூக்கவே கூடாது என்கிறாள் பிசியோ. கம்பியை எதால் பிடிப்பது? வேலையை விடச் சொல்கிறார். அதை வாயால் சொல்லத்தான் துப்பில்லை.

ஜூலை 10, வியாழன்

வெயில். ஸ்பேர் பார்ட்ஸ் கடை.

"சார் வரலையா மேடம்?"

"ஆயில் எனக்குத்தான் வேணும்."

பச்சைப் பாட்டிலை எடுத்து வைத்தான். எல்லா வண்டிக்கும் சேருமாம். மேனுவலைக் கவுண்டரில் விரித்து, விரல் வைத்துக் காட்டினேன். மேல் தட்டிலிருந்து சிவப்பு ஆயில் இறங்கியது. திரும்பி நடக்கும்போது பின்னால் முணுமுணுப்பு: "டீச்சரா இருக்கும்." ஆமாம்டா.

வாங்கியது: ஏ.டி.எஃப். 2 லி., சோடா உப்பு, சிவப்பு மைப் பேனா. 9-பி பேப்பர் இன்னும் திருத்தவில்லை.

ஜூலை 12, சனி

ஜெ. பட்டறையில். நான் பாஷா பாய் ஒர்க்‌ஷாப்பில். பழைய ஆயிலை இறக்கினார். புளித்த மோர் மாதிரி நுரை.

"யாரு ஊத்துனது டீச்சர்?"

சிவப்பு ஆயிலை எடுத்து நீட்டினேன். கேட்டது தப்பென்று அவருக்கே தெரிந்துவிட்டது போல. "மறுக்கா எவனாச்சும் இதை ஊத்துனா, ஸ்டார்ட் மட்டும் பண்ணிறாதீக. மேல ஆயில் டப்பாலயே கெடந்தா பெரிய சிரிஞ்ச வச்சு உறிஞ்சிறலாம். இந்தத் தடவ தப்பிச்சிருச்சு; இனி ஸ்டார்ட் பண்ணி பம்புக்குள்ள போச்சுன்னா ரப்பர் சீலெல்லாம் போயிரும்."

புது ஆயில் ஊற்றியதும் ஒரு கையால் திருப்பினேன். இடது கையால்! பைபாஸில் ஓரமாக நிறுத்தி அழுதேன்.

ஜெ.யிடம் சொல்லவில்லை. சண்டைக்குத் தெம்பில்லை என்று எழுத வந்தேன். பயம். அதுதான் நிஜம்.

ஜூலை 13, ஞாயிறு

சர்ச்சுக்கு ஜெ. ஓட்டினார். வளைவில் ஸ்டீரிங்கை விரலால் சுற்றிப் பார்த்தார். ஆராதனை முடிந்து வாசலில், டேனியலிடம், நாலு பேர் கேட்க: "ஸ்டீரிங் எம்புட்டு லேசாயிருச்சு தெரியுமாடா? நம்ம டிரம் ஆயிலு. செட்டாக ஒரு வாரம் எடுத்துச்சு, அம்புட்டுத்தான். இவ என்னமோ புஸ்தகத்தத் தூக்கிக்கிட்டு வந்தா."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது.

"கார் இவகிட்டயே இருக்கட்டும்டா" என்றார். பெரிய மனசு.

ஜூலை 14, திங்கள்

காலை ஏழு மணி. வாசலில் பானட் திறந்திருக்கிறது. ஜெ. கையில் தண்ணி பாட்டில், பாதி காலி. ஆயில் டப்பா வழிகிறது.

"ஒனக்காகத்தான் கொண்டாந்தேன். இன்னுங் கொஞ்சம் ஊத்துனா பூ மாதிரி ஆயிரும். சாவியக் குடு, ஸ்டார்ட் பண்ணிப் பாப்பம்."

ஆணியிலிருந்து இரண்டு சாவியையும் எடுத்து ஹேண்ட்பேகில் போட்டு ஜிப்பை இழுத்தேன்.

"குடுக்க மாட்டேன். நீங்க ஊத்துனத சனிக்கிழமையே பாய் கீழ இறக்கிட்டாரு. நான் வாங்கி ஊத்துன ஆயில்லதான் லேசாச்சு."

முகம் கறுத்துவிட்டது. "எங்கிட்டக் கேக்காம எப்புடி மாத்துவ?"

"என் காருல என்ன ஊத்துறதுன்னு ஒங்ககிட்ட எதுக்குக் கேக்கணும்?"

எதிர் வீட்டம்மா கோலமாவு டப்பாவோடு நின்று கேட்டாள். கேட்கட்டும்.

இரண்டு பஸ். இடது கையால் கம்பி. மூன்றாவது பீரியட் வரை ஏழு மிஸ்டு கால், எடுக்கவில்லை. மீதி ஏ.டி.எஃப். என் அலமாரியில், சேலைக்குப் பின்னால்.

வீட்டுக்குப் போகிற வழியில் மெடிக்கல் ஷாப்: பாய் சொன்ன பெரிய சிரிஞ்ச், 50 மில்லி, இரண்டு. ஊசி வேண்டாம்.