கதவில் ஒட்டிய காகிதம்

திண்டுக்கல்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் பேசினால் நீங்கள் அழுதுவிடுகிறீர்கள். புற்றுநோய் வந்தது எனக்கு; ஆறுதல் சொல்வதும் நான்தான். அதனால்தான் இதை எழுதி, துபாய் திரும்பும் ஜமால் முகமது அண்ணனிடம் கொடுத்துவிடுகிறேன்.

சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு, என்னைப் போய்ப் பார்க்கச் சொன்னீர்களாம். நல்ல மனசுதான். ஒரே வாரத்தில் பதினோரு பேர் வந்தார்கள். வத்தலக்குண்டு மாமா இருமிக்கொண்டே என் கட்டிலில் உட்கார்ந்தார். வாயெல்லாம் புண்ணாகி எனக்கு மோர்ச்சோறே எரிகிறது. மாமி பிரியாணியை நீட்டி, “நாலு வாய் தின்னாத்தான தெம்பு வரும்” என்கிறார். மாஸ்க் கொடுத்தால் எல்லோருக்கும் முகம் சுருங்குகிறது.

வெள்ளை அணு குறைந்திருக்கிறது, கூட்டம் ஆகாது, காய்ச்சிய தண்ணீர்தான் குடிக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். உங்கள் அக்கா முஹ்சினா குர்ஆன் ஓதி ஊதிய தண்ணீர் கொண்டுவந்தார். துஆவை வேண்டாம் என்பேனா? அடுப்பில் வைத்துக் காய்ச்சினேன். “ஓதுன தண்ணியவா காய்ச்சுற?” என்று விருட்டென எழுந்து போனவர், உங்களுக்குப் போன் போட்டிருக்கிறார். நீங்களும் என்ன ஏதென்று கேட்காமல் திட்டினீர்கள். காய்ச்சினால் துஆ ஆவியாகிப் போய்விடுமா மச்சான்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாளே எனக்குக் காய்ச்சல். மூன்றாவது கீமோ தள்ளிப்போனது. அதை நீங்கள் கேட்கவே இல்லை. இருபதாம் தேதி மறுபடி ரத்தப் பரிசோதனை. அணு ஏறாவிட்டால் இன்னும் தள்ளுவார்களாம். மருந்து காத்திருக்கும், கட்டி காத்திருக்குமா? பயமாக இருக்கிறது.

அதனால், “உள்ளே வர வேண்டாம், வெளியிலிருந்தே துஆ செய்யுங்கள்” என்று நம் பெண் ஜீனத்தை எழுதச் சொல்லிக் கதவில் ஒட்டிவிட்டேன். சர்புன்னிசாவுக்குத் திமிர் என்கிறார்களாம். இருக்கட்டும். “அத்தா கோபப்படுவாங்களாம்மா?” என்று பிள்ளை கேட்டாள். பட்டால் படட்டும் என்றேன்.

இனி யாரையும் அனுப்பாதீர்கள். உங்களுக்குப் பதிலாகப் பதினோரு பேர் வந்துவிட்டார்கள், போதும்.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். கதவில் இருப்பது உங்களுக்கு எழுதியதல்ல. வாசலில் தண்ணீரும் சோப்பும் வைத்திருக்கிறேன். கை கழுவிவிட்டு உள்ளே வாருங்கள்.

உங்கள்
சர்புன்னிசா