கோச் வீட்டம்மா

சுங்குவார்சத்திரம்
25.11.91

அன்பு மகன் ராஜசேகருக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அதில் பாதி பொய், அதனால் நான் நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் வைத்துக்கொள். பிலாயில் நீயும் கலைமதியும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். அங்கே குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடாமல் குழந்தையை வெளியே தூக்காதீர்கள். இங்கே பத்து நாளாக அடைமழை, செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பிவிட்டது என்கிறார்கள், நம் வீட்டுப் பின்சுவர் ஊறிப்போய் நிற்கிறது, துணி ஒன்றும் காயவில்லை.

ஊரில் இப்போது நம் கால்பந்துக் குழுவால் ஒரே ரகளை. வேலையிலிருந்து ரிட்டயர் ஆன பிறகு அப்பாவுக்கு இந்தக் கோச் பதவிதான் சோறு, தண்ணீர் எல்லாம். இந்த வருஷம் வரிசையாக ஐந்து ஆட்டம் தோல்வி. ஆளை மாற்று என்று ஒரு கட்சி, பதினாலு வருஷம் டீமை வளர்த்தவரை அனுப்பக் கூடாது என்று ஒரு கட்சி. மறைமலை நகருக்கு வேலைக்குப் போகிற கம்பெனி வேனில்கூட முன்சீட்டு ஒரு கட்சி, பின்சீட்டு ஒரு கட்சியாக உட்கார்ந்து போகிறார்களாம். குழாயடியில் நான் குடத்தோடு போனால் பேச்சு சட்டென்று நின்றுவிடுகிறது, எந்தப் பக்கம் சிரிப்பது என்று தெரியாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

ராஜா, யாருக்கும் தெரியாததை உனக்கு எழுதுகிறேன். சித்திரை மாதத்திலிருந்து அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் ஒன்றுமே தெரியவில்லை, இடது கண்ணில் ஆட்கள் நிழலாகத் தெரிகிறார்களாம். காதும் காதும் வைத்த மாதிரி பட்டணத்தில் ஒரு கண் டாக்டரிடம் காட்டினோம். புரை முற்றிவிட்டது, பொங்கலுக்குள் ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள், அதற்கு மேல் தள்ளினால் பார்வைக்கு நான் பொறுப்பில்லை என்று கறாராகச் சொல்லிவிட்டார். கட்டு போட்டுக்கினு நான் வூட்ல குந்தினா வேற ஒருத்தன கொண்டாந்து நிறுத்திடுவானுங்க, அப்பால பாத்துக்கலாம் என்கிறார் அப்பா. ஊரில் யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று உன் தலைமேல் சத்தியம் வாங்கிவிட்டார். நீதான் ஊரில் இல்லையே, அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

அதுமுதல் ஞாயிறுதோறும் மைதானத்தில் அவர் பக்கத்தில் நான் உட்கார்கிறேன். பிளட் பிரஷர் மாத்திரை கொடுக்க வருகிறேன் என்று ஊருக்குச் சொல்லியிருக்கிறோம், கல்யாணமாகி முப்பது வருஷம் கழித்து என்ன ஒட்டுதல் என்று பெண்கள் கேலி செய்கிறார்கள். உதட்டை அசைக்காமல் பந்து யார் கைல கீது என்பார், கையில் இல்லை காலில் என்று நான் திருத்துவேன். அதெல்லாம் ஆரம்பத்தில் சிரிப்பாகத்தான் இருந்தது. போன ஆட்டத்தில் நல்ல மழை. பாபு ஒரு கோல் போட்டு நாம் முன்னால் இருந்தோம். எல்லார் சட்டையும் சேற்று நிறம், நம்பர் தெரியவில்லை. காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் கண்ணப்பன். நான் பாபு என்று சொல்லிவிட்டேன். அப்பா உடனே பாபுவை வெளியே கூப்பிட்டுவிட்டார். அதன் பிறகு இரண்டு கோல் வாங்கித் தோற்றோம். எனக்கு இன்னா சார் ஆச்சு, ஏன் வெளிய இட்டாந்தீங்க என்று அந்தப் பையன் அழாத குறையாகக் கேட்டான். இது என் முடிவு என்றார் அப்பா. எத்தனை பேர் எத்தனை விதமாகத் திட்டினார்கள், அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்தும், மழைல யாருக்குத்தான் தெரியும், வுடு என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். நாலு அறை அறைந்திருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

அப்புறம் இரண்டு கட்சியும் நம் வாசலுக்கே வந்தது. குழுச் செயலாளர் கோதண்டம் வந்து, அக்கா நீங்களே சொல்லி நிறுத்திடுங்க, மரியாதையா போயிடும் என்றான். அவன் தெரு முனை திரும்புவதற்குள் அப்பா கட்சித் திருமலை வந்து, அண்ணன் மனசு வுட்டுடப் போறாரு அண்ணி, நாங்க கீறோம்னு சொல்லுங்க என்றான். இரண்டு பேருக்கும் காபி கொடுத்தேன், பதில் கொடுக்கவில்லை. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, நான் கோதண்டம் கட்சி. இவரை அனுப்பிவிட்டால் ஆஸ்பத்திரிக்காவது வருவார் அல்லவா. அவர் பதவி போக வேண்டும் என்று பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் வேண்டிக்கொண்டேன். எந்தப் பெண்டாட்டியாவது இப்படி வேண்டுவாளா?

நேற்று பள்ளிக்கூடத்தில் கூட்டம். பெண்களைக் கூப்பிடவில்லை, நான் ஜன்னலுக்கு வெளியே குடையோடு நின்றேன். கோதண்டம் பக்கம்தான் கை அதிகமாக இருந்தது, என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அப்போது பாபு எழுந்தான். பந்த எப்டி தொடணும்னு எனக்குக் கத்துக்குடுத்தவரு, தப்பே பண்ணாலும் சாரே இருக்கட்டும் என்றான். அவனே சொன்ன பிறகு யார் மறுப்பார்கள், எல்லாக் கையும் அப்பா பக்கம் திரும்பிவிட்டது. நான் அழுததைப் பார்த்து, சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துத் திருமலை எனக்கு மிட்டாய் கொடுத்தான். அப்பா பல நாளுக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு, இன்னும் ஒரு வருசம் ராஜாமணி, வர்ற ஞாயித்துக்கெழம சமையல சீக்கிரமா முடிச்சுடு என்றார்.

உங்கள் மூவருக்கும் பிள்ளையார் நீண்ட ஆயுளும் நோயில்லாத உடம்பும் தரட்டும். வேளைக்குச் சாப்பிடு, கலைமதியைக் கோபித்துக்கொள்ளாதே. மறக்காமல் அப்பாவுக்கு உடனே தனியாக ஒரு கடிதம் போடு. மார்கழியில் லீவு எடுத்து வருவதாகவும், கண்ணைக் காட்ட நீயே கூட்டிப் போவதாகவும் நீயாக எழுதுகிற மாதிரி எழுது. உன் கடிதங்களை இப்போது நான்தான் அவருக்குப் படித்துக் காட்டுகிறேன். நீ எழுதியதாக நானே நாலு வரி சேர்த்துப் படித்துவிடலாம், அவருக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் அந்த ஆட்டத்துக்குப் பிறகு என்னால் முடியவில்லையப்பா. நான் எதைச் சொன்னாலும் அப்படியே நம்புகிறார்.

உன் அம்மா
த. ராஜாமணி