அப்பாவின் இடம் தப்பிய சிரிப்பு

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், அப்பா நலமாகிக்கொண்டிருக்கிறார், வேலை போன கவலையில் நீ பட்டினி கிடக்காமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும்.

உன் வேலை போன செய்தியை நீ போனில் சொன்னபோது அப்பா விழுந்து விழுந்து சிரித்துவிட்டார், அன்றிலிருந்து நீ அவரோடு பேசுவதில்லை. என்னடி செய்வது, எதிர்வீட்டுக்காரர் இறந்த துக்கத்துக்குப் போனபோதும் இதே கூத்துதான், கையைப் பிடித்து வெளியே இழுத்து வருவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. டிவியில் சோப்பு விளம்பரம் வந்தாலோ தேம்பித் தேம்பி அழுகிறார். பக்கவாதத்தில் கை மட்டுமல்ல, மூளையில் சிரிப்பையும் அழுகையையும் அடக்கி வைக்கிற இடமும் அடிபட்டிருக்கிறதாம், உள்ளே வருத்தம் இருந்தாலும் வெளியே சிரிப்பு வருமாம். டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். அன்று நீ போனை வைத்த பிறகும் சிரித்துக்கொண்டே என்னிடம், "பாவம்டி புள்ள" என்றார்.

இன்னொரு தொல்லை, எதிலும் மனசு ஒட்டுவதில்லை. தையல் கடையைத் திறந்து வைத்தாலும் அடித்து வைத்த ஆணி மாதிரி நாற்காலியிலேயே இருக்கிறார். சோம்பேறித்தனம் என்று கத்தித் தீர்த்தேன். அதுவும் மூளையின் வேலையாம், ஆசை வரட்டும் என்று காத்திருக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே ஆரம்பித்து வையுங்கள் என்றார் டாக்டர். பித்தானைத் தவிர எதையும் தைத்தறியாத நான், பேங்க் மேனேஜரின் புதுப் பேண்டுக்குக் கீழ் மடிப்பு அடிக்க மிஷினில் உட்கார்ந்தேன். தூக்கிப் பார்த்தால் இரண்டு காலையும் சேர்த்து ஒன்றாக அடித்திருக்கிறேன்! அப்பா பார்த்தார். "இதப் போட்டுக்கிட்டு அந்த மனுசன் பேங்குக்கு நடந்து போவாரா, தாவித் தாவிப் போவாரா" என்று கேட்டார். இத்தனை மாதத்தில் அவராக வாய் திறந்து கேட்ட கேள்வி அதுதான். பிறகு நான் துணியை இழுத்துப் பிடிக்க, நல்ல கையால் ஒவ்வொரு தையலாகப் பிரித்தார், பிரித்து முடிக்கிற வரைக்கும் என்னைத் திட்டினார். எனக்குக் காது குளிர்ந்தது. மறுநாள் பழையபடி நாற்காலிதான், ஆனாலும் யாராவது ஆரம்பித்து வைத்தால் வந்துவிடுகிறார்.

உனக்கு நல்ல வேலை சீக்கிரம் கிடைக்கும், நீ நன்றாக இருப்பாய், ராத்திரி கண் விழிக்காதே. அப்பாவே கூப்பிடட்டும் என்று மட்டும் இருந்துவிடாதே, கூப்பிட வேண்டும் என்கிற எண்ணமே அவருக்குத் தோன்றாது, நீதான் ஆரம்பிக்க வேண்டும். உன் குரல் கேட்டதும் சிரிப்பார், இல்லாவிட்டால் அழுவார். எது வந்தாலும் போனை வைக்காமல் கொஞ்சம் பொறுத்துக்கொள், அதற்குப் பின்னால்தான் அப்பா வருவார்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா