நூல் விட்டுப் பார்க்கவும்

தியாகராய நகர்,
சென்னை – 17.
வியாழக்கிழமை, கடை திறக்குமுன்.

அன்பும் மரியாதையும் உள்ள ரங்கன் சாருக்கு,

சிதம்பரநாதன் எழுதுவது. இங்கே நானும் வீட்டாரும் சுகம். உங்கள் அடையாறு வீட்டு நெல்லிமரமும் சுகம். மெல்போர்னில் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க ஐந்து தடவை போன் போட்டேன். ஐந்து தடவையும் நீரஜாதான் எடுத்தாள். அப்பா தூங்கறார் அங்கிள் என்றாள். ஒரு மனுஷன் எந்நேரமும் தூங்குவானா? எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடிதம் என்றால் உங்கள் கையில்தான் கொடுத்தாக வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் வேலை விஷயம். உங்கள் தோட்டத்து ரயில் பொம்மைக்காகச் செய்யத் தொடங்கி, ஆபரேஷனுக்கு முன் நீங்கள் பாதியில் நிறுத்திய வேகன் முடிந்துவிட்டது. ஆறடி நீளம், முப்பத்திரண்டு சக்கரம். கடையில் யார் கேட்டாலும் அதன் சூட்சுமத்தைச் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். மற்ற வேகன் சரக்கைச் சுமக்கும். இதில் சரக்கே வண்டியின் நடுப்பாகம். இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை, நடுவில் டிரான்ஸ்பார்மர் தொங்குகிறது. அதை எடுத்துவிட்டால் இரண்டு கையும் மூக்குக் குப்புற விழும்.

டிரான்ஸ்பார்மர் என் உபயம். சதுர அஞ்சறைப்பெட்டி இரண்டை வாயோடு வாய் வைத்துப் பற்றவைத்தேன். உள்ளே எடைக்கற்கள். எலக்ட்ரானிக் தராசு வந்ததிலிருந்து அவை சும்மா கிடந்தன. எட்டு வருஷத்துக்கு முன் நீங்கள் என் பாத்திரக்கடைக்கு வந்து, கருவியை வைத்து ஒவ்வொரு கிண்ணமாக அளந்தீர்களே, அன்றைக்கு ஏதோ சோதனை அதிகாரி என்று நினைத்து உங்களுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தேன். ரயில் பொம்மையின் சக்கரத்துக்கு ஏற்ற விளிம்பு தேடுகிறீர்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அந்த இளநீர் நஷ்டமில்லை.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். உங்கள் நோட்டில் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தீர்கள்: வளைவில் ஓட்டுமுன் நடுவில் நூல் விட்டுப் பார்க்கவும். எங்கள் வியாபாரத்தில் நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. கதவு ஆசாரியிலிருந்து தகரம் வெட்டுகிறவன் வரை அதுதான் கணக்கு. ஒரு நூல் இடைவெளி விடச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். மயிலாப்பூர் லேத்துக்காரர் மெஹபூப் அலியிடம் கொண்டுபோய், கையும் பெட்டியும் சேரும் இடத்தில் பக்கத்துக்கு ஒரு நூல் ராவச் சொன்னேன். அவர் ராவிக் கொடுத்துவிட்டு, "நூலுன்னா நூலு, மயிரிழை கூட ஜாஸ்தி எட்க்கல நைனா, நீயே அளந்துக்கோ" என்றார்.

அவர் வேலையில் குறையே இல்லை. நெல்லிமரத்து வளைவில் வண்டி திரும்பும்போது நடுப்பாகம் தொய்ந்து வயிறு தண்டவாளத்தில் இடித்தது. பதினாறு சக்கரம் வெளியே. மெஹபூப் அலி மண்ணில் குந்திப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, கர்ப்பிணி மாதிரி படுத்துக்கினு கீது" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்று நாள் கல்லாவில் உட்கார முடியவில்லை. யாராவது குக்கர் கேட்டால் கடாய் எடுத்துப் போட்டேன். நாலாம் நாள் நீங்கள் சில்லறைச் சாமான் போட்டு வைத்திருந்த நீல டப்பாவைக் கவிழ்த்தேன். அடியில் ஒரு வெள்ளை நூல்கண்டு, இரண்டு குண்டூசி. அப்போதுதான் உறைத்தது. இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நிஜ நூலை இழுத்துக் கட்டி, பாரம் ஏற்றினால் நடுப்பாகம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கச் சொல்லியிருக்கிறீர்கள். கட்டிப் பார்த்தேன். நான் ராவி எடுத்த அதே அளவுக்கு இறங்கியிருந்தது. மெஹபூப் அலி பித்தளைத் தகடு வெட்டி அந்த இடத்தை அடைத்தார். இப்போது பாரத்தோடு நூலுக்கு நேராக நிற்கிறது.

அடுத்தது வீட்டு விஷயம். போன வாரம் பில்டரின் ஆள் டேப்போடு வந்து தோட்டத்தை அளந்தான். சாவி என்னிடம் இருப்பதால் நான்தான் திறந்துவிட்டேன். வீட்டை விற்க ஐயா அங்கேயே பவர் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுவார், பத்தாம் தேதிக்குள் வந்துவிடும் என்றான். அதற்குப் பத்து நாளைக்கு முன்பே, அந்த ரயில் சாமானெல்லாம் யாராவது எடுத்துப்பாளா அங்கிள் என்று நீரஜா போனில் சாதாரணமாகக் கேட்டாள். முப்பது வருஷம் கல்லாவில் இருந்தவனுக்கு நூல் விட்டுப் பார்ப்பது தெரியாதா? பார்த்தீர்களா, இந்த நூல் என்னை விடுவதாக இல்லை.

அவளைக் குறை சொல்லவில்லை. ஒரே பெண், தாய் இல்லை, தகப்பனுக்கு நெஞ்சைத் திறந்து வைத்தியம் நடந்திருக்கிறது. என் மகள் அப்படிக் கூட்டிப்போனால் நானும் போயிருப்பேன். வியாபாரியாகக் கேட்டால், நல்ல இடம், நல்ல நேரம், கொடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். தண்டவாளத்தைக் கழற்றிப் போட என் குடோன் இருக்கிறது. ஆனால் இதெல்லாம் உங்கள் வாயால் வந்ததா, உங்களுக்காக மற்றவர்கள் சொன்னதா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. உடம்பு ஒத்துழைக்கவில்லை, இனி வர முடியாது என்றால் அதையும் நீங்களே எழுதுங்கள். தாங்கிக்கொள்வேன்.

நான் நூல் விட்டுப் பார்க்கவில்லை சார். நேராகக் கேட்கிறேன். பத்தாம் தேதிக்கு முன் ஒரு தடவை வருவீர்களா?

தகடு அடைத்த பிறகு வண்டியை இன்னும் வளைவில் ஓட்டவில்லை. மரத்துக்குப் பத்தடி முன்னால் பாரத்தோடு நிற்கிறது. தினமும் கடைக்குப் போகுமுன் அடையாறு போய் நூலைப் பார்த்துவிட்டு வருகிறேன். நேற்று மழை. தார்ப்பாய் போட்டிருக்கிறேன். தோட்டத்தைச் சீக்கிரம் காலி செய்யச் சொல்லி பில்டரின் ஆள் அவசரப்படுத்துகிறான். ஒருவர் இந்தக் கையைத் தாங்க, இன்னொருவர் அந்தக் கையைத் தாங்கினால்தான் பெட்டியை இறக்க முடியும் என்று அவனிடம் சொல்லிவிட்டேன். மெஹபூப் அலியைக் கூப்பிட்டால் ஓடி வருவார். கூப்பிடவில்லை.

மாத்திரையை மறக்காதீர்கள். குளிருக்குக் காதை மூடிக்கொள்ளுங்கள். உங்கள் ஆயுசு கெட்டியாக இருக்க வடபழநி முருகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்; உங்கள் பெருமாளிடம் நீங்கள் சொல்லிக்கொள்ளுங்கள்.

இந்தப் பக்கத்துக் கையை நான் பிடித்துக்கொள்கிறேன்.

உங்கள்,
சிதம்பரநாதன்